ரேகை விழவில்லை என்றால் என்ன அர்த்தம்?

மேலூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர் ரேஷன் கடையில் மாதந்தோறும் நடப்பது இது. வரிசையில் அப்பத்தாவின் முறை வரும். கருவியின் கண்ணாடியில் பெருவிரலை வைப்பார். ஏற்காது. "விரலத் தொடச்சுட்டு வைங்க அப்பத்தா" என்பார் கடைக்காரர். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். அப்போதும் ஏற்காது. ஆள்காட்டி விரல், மோதிர விரல், இடது கை என்று எல்லாம் முடிந்த பிறகு, "ரேகை விழமாட்டேங்குதுப்பா, கல்லு ஒடைச்ச கையி" என்பார். வயசுக் காலத்தில் குவாரியில் ஜல்லி உடைத்தவர். அவர் விரல் நுனியைத் தொட்டால் தேய்த்து மெழுகின தரை மாதிரி வழவழவென்று இருக்கும். கடைசியில் வேறு வழியில் பதிந்துகொண்டு அரிசியைப் போட்டுவிடுவார்கள்.

ரேகை விழாததால் இவர் அந்த அட்டைக்குரியவர் இல்லை என்று கடைக்காரர் ஒருநாளும் சொன்னதில்லை. ரேகை விழாவிட்டாலும் இவராகத்தான் இருக்கும் என்று கருவியை வைத்து முடிவு செய்ததும் இல்லை. கருவி ஒன்றும் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிகிறது. அதனால் வேறு ஆதாரத்துக்குப் போகிறார்.

இதே நிலைமை ஒரு கொலை வழக்கிலோ கொள்ளை வழக்கிலோ வரும்போது அந்தத் தெளிவு நம் நீதிமன்றங்களில் பல சமயம் இருப்பதில்லை. நிபுணர் "முடிவு சொல்ல முடியவில்லை" என்கிறார். அரசு தரப்பு அதைப் பாதி ஆமாம் ஆக்கப் பார்க்கிறது. எதிர் தரப்பு அதை முழு இல்லை ஆக்கப் பார்க்கிறது. நடுவில் ஒருவருடைய ஆயுள் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வாய் திறக்காத ரேகையைப் பற்றியது.

"கைரேகை நிபுணர்கள் வரவழைக்கப்பட்டு தடயங்கள் சேகரிக்கப்பட்டன. மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது." சின்ன வயசிலிருந்து மதுரைப் பதிப்பு நாளிதழ்களில் நாம் படித்துவரும் வரிகள். நாய் நின்றுபோனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ரேகை எடுத்தார்கள் என்றதும் ஆள் சிக்கிவிடுவான் என்று எல்லோரும் நினைக்கிறோம். எடுத்தது என்ன ஆனது என்று அடுத்த நாள் செய்தி வருவதில்லை.

பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதற்கான காரணம் ரேகையின் இயல்பிலேயே இருக்கிறது. விரலில் இருக்கும் ரேகை தோலின் மேடும் பள்ளமும். கருவில் நான்காம் மாதம் வாக்கில் உருவாகி, கடைசிவரை அதே அமைப்பில் இருப்பது. ஒரே மாதிரி இரண்டு விரல்களை இதுவரை யாரும் கண்டதில்லை. சரி, இதெல்லாம் விரலைப் பற்றிய உண்மை. சம்பவ இடத்தில் கிடைப்பது விரல் அல்ல. விரல் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்ட வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் கிடைக்கின்றன. விரல் தனித்துவமானது என்பதால் அது விட்டுப்போன கறையும் தனித்துவமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பாதி விரல் பட்டிருக்கும். வழுக்கியிருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பேர் தொட்டிருப்பார்கள்.

வியர்வையில் பெரும்பகுதி தண்ணீர். கத்திரி வெயிலில் தகரக் கூரை போட்ட வீட்டு பீரோவில் அது சீக்கிரம் காய்ந்துபோகும். காய்ந்த ரேகையில் நிபுணரின் தூரிகைப் பொடி சரியாகப் பிடிக்காது. கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம், வண்ணம் அடித்த இரும்பு பீரோ போன்றவை நல்ல பரப்புகள். பூசாத செங்கல், மண் சுவர், சொரசொரப்பான கருங்கல், சாக்கு ஆகியவற்றில் ஏறத்தாழ ஒன்றும் தேறாது. அரிவாள் வழக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிடி பெரும்பாலும் மரம், அதுவும் கைபட்டுக் கைபட்டு அழுக்கேறி வெடித்த மரம். வீசும்போது உள்ளங்கை அதில் வழுக்கும், இறுக்கும், திரும்பும். அந்தப் பிடியில் ஒப்பிடத்தக்க ரேகை கிடைத்தால்தான் அதிசயம். ஆனாலும், "அரிவாளில் என் கட்சிக்காரரின் ரேகை இல்லை" என்ற வாதத்தை நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். "ரேகை பொருந்தவில்லை" என்று பொதுவாகச் சொல்லும்போது நாம் நான்கு வெவ்வேறு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். பொடி தூவிப் பார்த்தும் ரேகையே தென்படவில்லை என்பது ஒன்று. ரேகை தென்பட்டது, ஆனால் கோடுகள் கலைந்து கிடப்பதால் யாருடையதோடும் ஒப்பிடத் தகுதியில்லை என்பது இன்னொன்று. தகுதியான ரேகைதான், சந்தேக நபரின் பத்து விரல் சீட்டோடு வைத்துப் பார்த்தேன், சில இடங்கள் ஒத்துப்போகின்றன, ஆனால் அவருடையதுதான் என்றோ இல்லை என்றோ சொல்லப் போதவில்லை என்பது மூன்றாவது. ஒப்பிட்டேன், இது நிச்சயமாக இவருடையது அல்ல என்பது நான்காவது. நான்காவது ஒரு பதில். அந்த ரேகையைப் பொறுத்தவரை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமான, தெளிவான சாட்சியம். முதல் மூன்றும் பதில்கள் அல்ல. அந்த மூன்றும்கூட ஒன்றுக்கொன்று சமம் அல்ல. தகுதியற்ற ரேகையை உலகத்தில் யார் விரலோடு வைத்தாலும் இதே விடைதான் வரும். மூன்றாவது வகையில் அப்படி இல்லை; அங்கே ஏதோ கொஞ்சம் தகவல் இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

மதுரையில் ஜூனியர் வழக்கறிஞராக இருந்த நாட்களில் ஓர் அமர்வு நீதிமன்றத்தில் நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்ட விசாரணை இன்னும் நினைவில் இருக்கிறது. மூன்றாவது வகை ரேகை. நிபுணர் கூண்டில் நின்று, முடிவுக்கு வர இயலவில்லை என்று நேர்மையாகச் சொன்னார். அரசு வழக்கறிஞர் எழுந்து, "அப்படின்னா அது எதிரியோட ரேகை இல்லைன்னு உங்களால சொல்ல முடியாது?" என்றார். "சொல்ல முடியாதுங்க ஐயா." சாட்சியத்தில் ஏறியது: சான்றுப் பொருளில் இருந்த ரேகை எதிரியினுடையது அல்ல என்று என்னால் கூற இயலாது. குறுக்கு விசாரணையில் எதிரி தரப்பு வழக்கறிஞர், அது எதிரியின் ரேகைதான் என்றும் உறுதியாகக் கூற இயலாது என்று சொன்னால் சரிதானே என்று கேட்டார். "சரிதான்." அவ்வளவுதான். இரண்டு பேரும் திருப்தியாக உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று கேட்கப்படாத கேள்வி இது: எதிரியுடையது இல்லை என்று சொல்ல முடியாத அந்த ரேகை, வேறு எத்தனை பேருடையது இல்லை என்று உங்களால் சொல்ல முடியாது? நீதிபதியின் விரலை ஒப்பிட்டிருந்தாலும், கேள்வி கேட்ட அரசு வழக்கறிஞரின் விரலை ஒப்பிட்டிருந்தாலும் அதே பதில் வந்திருக்கலாம். அப்படி வந்திருந்தால் "இல்லை என்று கூற இயலாது" என்ற வாக்கியத்தில் எதிரியைப் பற்றிய செய்தி ஒன்றுமே இல்லை. ஆனால் தீர்ப்பு எழுதும்போது அந்த வாக்கியத்தில் எதிரியின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

இதை விரலில் வைத்தே பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் எத்தனை சக்கரம், எத்தனை சங்கு என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்து எண்ணியிருப்போம். நிபுணர்களும் முதலில் அந்த அமைப்பைத்தான் பார்க்கிறார்கள். சக்கரம் போலச் சுழலும் ரேகை, சங்கு போல ஒரு பக்கம் வளைந்து திரும்பும் ரேகை, வில் போல ஏறி இறங்கும் ரேகை. உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரல்களில் சக்கரம் இருக்கும். வில் 100-க்கு 5 விரல்களில் இருந்தால் அதிகம். பீரோவில் கிடைத்த மங்கலான ரேகையில் சக்கர அமைப்பு மட்டும் தெரிகிறது, எதிரிக்கும் ஒரு விரலில் சக்கரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து விரலில் ஒன்றிலாவது சக்கரம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள். இந்த ஒற்றுமை செல்லூரில் ஒரு தெருவையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போதுமானது.

அதற்கு அடுத்த நிலையில்தான் உண்மையான அடையாளம் இருக்கிறது. ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளை பிரிகிறது, எங்கே தீவு போல ஒரு சின்னக் கோடு தனித்து நிற்கிறது என்பவை எல்லாம் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் பொருந்த வேண்டும். எத்தனை புள்ளிகள் பொருந்தினால் போதும்? இங்கிலாந்தில் நீண்ட காலம் 16 புள்ளிகள் என்று வைத்திருந்தார்கள்; 2001-ல் அந்த எண்ணைக் கைவிட்டு நிபுணரின் மதிப்பீட்டுக்கே விட்டுவிட்டார்கள். நம் சட்டத்தில் இவ்வளவு என்று எண் எதுவும் இல்லை. நடைமுறையில் 8 என்ற எண் நம் நீதிமன்றங்களில் அடிக்கடி காதில் விழும். 8-க்கு 5 கிடைத்தால் 100-க்கு 62 மதிப்பெண் என்று சிலர் மனசுக்குள் போட்டுக்கொள்கிறார்கள். அது தவறு. தெளிவான ரேகையில் அரிதான அமைப்போடு கிடைத்த 5 புள்ளிகளும், கலங்கிய ரேகையில் நிபுணர் கண்ணைச் சுருக்கிக் கண்டுபிடித்த 5 புள்ளிகளும் ஒன்றல்ல. அதைவிட முக்கியம், எல்லாம் பொருந்தி, விளக்க முடியாத ஒரே ஒரு வேற்றுமை இருந்தால் கணக்கே அடிபட்டுப்போகும்.

இப்போது மறுபக்கம். ரேகை கிடைக்கவில்லை என்பதாலேயே எதிரி அங்கே போகவில்லை என்று ஆகாது. இதை எதிரிகள் தரப்பில் நின்று வாதாடுகிற நானே ஒத்துக்கொள்கிறேன். கையுறை போட்டிருக்கலாம், துடைத்திருக்கலாம், தொடாமலே இருந்திருக்கலாம், தொட்டும் பதியாமல் போயிருக்கலாம். நேரில் பார்த்த நம்பகமான சாட்சி இருந்தால், ரேகை இல்லாதது வழக்கைச் சாய்த்துவிடாது. விசாரணையில் ஒரு குறை இருக்கிறது என்பதற்காக மட்டும் விடுதலை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

ஆனால் மௌனத்துக்கும் சில இடங்களில் எடை உண்டு. அந்த எடை, ரேகை அங்கே இருந்திருக்க வேண்டுமா என்பதைப் பொறுத்தது. கற்பனையாக ஒரு வழக்கை வைத்துப் பார்ப்போம். தெற்குமாசி வீதியில் ஒரு நகைக்கடை. இரவில் ஒருவன் வெறுங்கையோடு வந்து கண்ணாடிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, நகைத் தட்டுகளை வெளியே எடுத்து, ஒரு மணி நேரம் புழங்கினான் என்று கேமராவை வைத்து அரசு தரப்பே சொல்கிறது. முகம் தெரியவில்லை. மறுநாள் காலையிலேயே நிபுணர் வந்து அந்தக் கண்ணாடிகளில் தெளிவான 10 ரேகைகளை எடுத்தார். கடைப் பணியாளர்களின் ரேகைகளைக் கழித்தபின் 3 மிஞ்சின. மூன்றும் எதிரியுடையவை அல்ல. இங்கே எதிரியின் ரேகை இல்லாதது சும்மா விடக்கூடிய விஷயமா? நல்ல பரப்பு, நீண்ட நேரம், வெறுங்கை, உடனடிச் சோதனை, பிறர் ரேகைகள் பதிந்திருக்கின்றன. மழையில் ஒரு வாரம் கிடந்த அரிவாள் பிடியில் ரேகை கிடைக்காததையும் இதையும் ஒரே வார்த்தையில் "ரேகை இல்லை" என்று எழுதிவிட்டுப் போவது நியாயம் ஆகாது.

கடைப் பணியாளர்களின் ரேகையைக் கழிப்பது என்று சொன்னேன்; வீடு என்றால் வீட்டாரின் ரேகை. இதில்தான் நிறைய வழக்குகள் கோட்டை விடுகின்றன. பீரோவில் கிடைத்த ரேகை யாருடையது என்று தெரியவில்லை என்ற அறிக்கை வருகிறது. எதிரியோடு மட்டும் ஒப்பிட்டிருப்பார்கள். மருமகள், பேரன், பால் ஊற்றுகிறவர், போன மாதம் வெள்ளையடிக்க வந்தவர் யாருடைய ரேகையும் எடுக்கப்பட்டிருக்காது. அப்புறம் அந்த அடையாளம் தெரியாத ரேகையை இரண்டு தரப்பும் தங்களுக்குத் தோன்றியபடி பயன்படுத்திக்கொள்வார்கள். பொருந்தியே விட்டாலும் இதே கேள்வி வரும். வெள்ளையடித்தவரின் ரேகை பீரோவில் இருப்பது, அவர் பீரோவை நகர்த்தி வைத்து வெள்ளையடித்தார் என்பதோடு நின்றுபோகலாம். ரேகையைப் பார்த்து அது எந்தத் தேதியில் விழுந்தது என்று நம்பகமாகச் சொல்லும் முறை இன்றுவரை இல்லை.

கைரேகையை வைத்து உலகத்தில் முதன்முதலில் தீர்க்கப்பட்ட வழக்குகளில் ஒன்று நம் நாட்டில்தான் நடந்தது. வங்காளத்து ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலையுண்டார். அவர் பெட்டியில் இருந்த பஞ்சாங்கத்தில் ரத்தக் கறை படிந்த ரேகை. கல்கத்தாவில் 1897-ல் தொடங்கிய கைரேகைக் கூடம், அது அவரிடம் முன்பு வேலை பார்த்த கங்காலி சரண் என்பவருடையது என்று கண்டது. 1898-ல் நீதிமன்றம் அவரைத் திருட்டுக்குத் தண்டித்தது. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ரேகை அவரைப் பஞ்சாங்கம் வரை கொண்டுபோகிறது, கத்தி வரை கொண்டுபோகவில்லை. அன்றைய நீதிமன்றத்துக்கு இருந்த இந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதுவும் தெளிவாகப் பொருந்திய ரேகையில்.

பொருந்துகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது மனிதக் கண். 2004 மார்ச் 11-ல் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தது. டெட்டனேட்டர் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் ரேகை கிடைத்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் கணினிக் கிடங்கில் தேடி, ஓரிகன் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்றது. அவர் ரேகை முன்பே அந்தக் கிடங்கில் இருந்தது. நூற்றுக்கு நூறு உறுதி என்றார்கள். ஸ்பெயின் போலீஸ் ஏப்ரலிலேயே, எங்கள் பார்வையில் பொருந்தவில்லை என்று எழுதியது. கேட்கவில்லை. மே மாதம் கைது செய்தார்கள். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் எஃப்.பி.ஐ. சொன்னதே சரி என்றார். அதே நாளில் ஸ்பெயின், ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று கண்டுபிடித்து அறிவித்தது. இரண்டு வாரம் காவலில் இருந்தவரை விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். பின்னர் 20 லட்சம் டாலர் இழப்பீடு.

பொருந்தாத ரேகையைப் பொருந்தியது என்று முடிவாகச் சொன்னதால் வந்த வினை அது. கிடங்கு பெரிதாகப் பெரிதாக, சம்பந்தமே இல்லாத, ஆனால் மிக நெருக்கமாக ஒத்திருக்கும் ஒருவர் கிடைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. நம் நாட்டிலும் 2022 முதல் நாஃபிஸ் என்ற தேசியக் கைரேகைக் கிடங்கு இயங்குகிறது. அதே ஆண்டு வந்த அடையாளச் சட்டத்தின்படி கைதானவர்களின் ரேகைப் பதிவுகளை 75 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். ஒரு வழக்கில் எதிரியின் பெயர் முதலில் கிடைத்துப் பிறகு ரேகை ஒப்பிடப்பட்டதா, அல்லது கிடங்கில் தேடியதால்தான் அவர் பெயரே வந்ததா என்று கேட்க வேண்டிய காலம் இது.

மேஃபீல்ட் வழக்குக்குப் பிறகு இங்கிலாந்தில் ஐட்டியல் டிரார் என்ற ஆய்வாளர் 2006-ல் வெளியிட்ட சோதனையை ரேகை வழக்கு நடத்தும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 5 நிபுணர்களிடம், அவர்களே முன்பு ஒரு வழக்கில் பொருந்துகிறது என்று சொன்ன ரேகை ஜோடியை, அது இன்னதென்று சொல்லாமல் கொடுத்தார்கள். இவைதான் அந்த மாட்ரிட் வழக்கில் தவறாகப் பொருத்தப்பட்ட ரேகைகள் என்று மட்டும் சொன்னார்கள். 3 பேர் பொருந்தவில்லை என்றார்கள். ஒருவர் முடிவு சொல்லப் போதவில்லை என்றார். ஒருவர் மட்டுமே தன் பழைய கருத்தில் நின்றார். ரேகை மாறவில்லை, காதில் விழுந்த சேதிதான் மாறியது. எதிரி ஏற்கெனவே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிட்டார் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் பத்து விரல் சீட்டைக் கொடுத்தால் நம் நிபுணரின் கண் என்ன பார்க்கும்?

2011-ல் அமெரிக்காவில் 169 நிபுணர்களை வைத்து நடந்த பெரிய சோதனை இன்னொன்றைக் காட்டியது. வேறு வேறு ஆட்களின் ரேகையை ஒரே ஆளுடையது என்று தவறாகச் சொன்னது 0.1 விழுக்காடுதான். ஆனால் ஒரே ஆளின் ரேகையை அவருடையது அல்ல என்று தவறாக ஒதுக்கியது 7.5 விழுக்காடு. அவர்களில் சிலரிடம் சுமார் ஏழு மாதம் கழித்து அதே ஜோடிகளைக் கொடுத்தபோது, பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அவர்கள் சொன்னதே மாறியது. பெரும்பாலும் "முடிவு சொல்ல முடியாது" என்ற எல்லையில்தான் இந்த ஊசலாட்டம். அந்த எல்லை கல்லில் வெட்டிய கோடு அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. ஒரு நிபுணரின் "தெரியவில்லை" இன்னொருவரின் "ஆமாம்" ஆக இருக்கலாம். அதனால்தான் முதல் நிபுணரின் முடிவு தெரியாத இரண்டாவது ஒருவர் பார்த்தாரா என்பது பெரிய கேள்வியாகிறது.

நம் உச்ச நீதிமன்றத்தின் பார்வையும் ஒரே இடத்தில் நின்றதில்லை. 1979-ல் ஜஸ்பால் சிங் வழக்கில், பெருவிரல் ரேகையை அடையாளம் காணும் அறிவியல் பிழைக்கோ ஐயத்துக்கோ இடமில்லாதது என்று சொன்னது. அந்த வரியை அரசு தரப்பு இன்றைக்கும் எடுத்துக் காட்டும். 2010-ல் முஷீர் கான் வழக்கில், ரேகை நிபுணரின் சாட்சியம் தானே நிற்கும் சாட்சியம் அல்ல, வேறு சாட்சியத்துக்கு வலுச் சேர்க்க மட்டுமே பயன்படும் என்றது. எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. பொருந்திய ரேகையே துணைச் சாட்சியம்தான் என்றால், பொருந்தாமல் தொங்கும் ரேகை எதற்குத் துணை நிற்க முடியும்?

1997-ல் வந்த முகமது அமான் வழக்கில் ஒரு பித்தளைச் சொம்பு. அதில் எதிரியின் ரேகை இருந்ததாக அறிக்கை. ஆனால் கைப்பற்றியதிலிருந்து கைரேகைக் கூடத்துக்குப் போய்ச் சேரும்வரை அந்தச் சொம்பை யாரும் தொடவில்லை என்பதற்கு நிரூபணம் இல்லை. மாதிரி ரேகையையும் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னிலையில் எடுக்கவில்லை. நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை ஒதுக்கியது. பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட விஏஓ, பொருளை எடுத்துப்போன ஏட்டு, இடையில் பொருள் கிடந்த அறை ஆகியவை ரேகையின் கோடுகளுக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உள்ளவை.

நிபுணர் எப்படிப் பேச வேண்டும் என்பதை, ஆச்சரியமாக, ஓர் ஆப்பிள் தோட்ட வழக்குதான் நன்றாகச் சொல்லியிருக்கிறது. இமாச்சலப் பிரதேச அரசு எதிர் ஜெய் லால், 1999. நிபுணரின் வேலை முடிவைத் தூக்கிக் கொடுப்பதல்ல, அந்த முடிவை நீதிபதி தானே சோதித்துப் பார்க்கத் தேவையான அளவுகோல்களைக் கொடுப்பது என்கிறது அந்தத் தீர்ப்பு. ரேகை அறிக்கைக்கு இது அப்படியே பொருந்தும். "முடிவு கூற இயலவில்லை" என்ற ஒற்றை வரி போதாது. ஏன் இயலவில்லை? கோடு தெளிவில்லையா, பரப்பு சிறியதா, எதிரியின் மாதிரி ரேகை சரியாக உருட்டி எடுக்கப்படவில்லையா? கடைசிக் காரணம் என்றால் மறுபடி மாதிரி எடுத்தாலே விடை கிடைத்துவிடும். எங்கள் அப்பத்தா மாதிரிக் கல்லுடைத்த கையென்றால் எத்தனை முறை எடுத்தாலும் கிடைக்காது.

நிபுணர் சாட்சியத்துக்கு இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 39. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் என்கிறது. வசதி செய்துகொள்ள மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். நல்லதுதான். ஆனால் எல்லா இடத்திலும் பொடி தூவத் தொடங்கினால் முடிவு சொல்ல முடியாத ரேகைகளும் கூடவே பெருகும். அவற்றைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர்களும் பெருக வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் இன்னொரு நினைவு உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் பக்கத்துப் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். பிறந்த சாதியை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று எழுதி, கைரேகையைப் பதிந்து, இரவானால் காவல் நிலையத்தில் ஆஜராகச் சொன்ன சட்டம். உசிலம்பட்டி வட்டாரத்தில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் உள்பட 16 பேர் செத்துப்போனார்கள். குற்றம் நடக்கும் முன்பே, ஆதாரம் எதுவும் இல்லாமலே, ரேகை ஒருவரைக் குற்றவாளியாக்கிய காலம் அது. சென்னை மாகாணத்தில் 1947 வரை அந்தச் சட்டம் இருந்தது. பழைய பதிவு இருக்கிறது, ஆள் அந்தப் பக்கத்துக்காரர், ரேகையும் "இல்லை என்று சொல்ல முடியாது" என்ற வரிசையில் யாராவது வாதம் அடுக்கினால் எனக்கு அந்த ஊர் நடுகல்தான் கண்ணில் வரும். சூழ்நிலைகளைச் சங்கிலியாகக் கோக்கும் சந்தர்ப்ப சாட்சியத்தில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே நிரூபிக்கப்பட்டாக வேண்டும் என்று 1984-ல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கு வகுத்தது. தெரியாத ஒன்றைக் கண்ணி என்று எண்ணிக்கையில் சேர்க்க அதில் இடமில்லை.

வழக்கு நடத்துகிறவர்களுக்கு நடைமுறையில் ஒன்று சொல்ல வேண்டும். முடிவு சொல்லாத ரேகை அறிக்கை பல சமயம் குற்றப்பத்திரிகையோடு வருவதே இல்லை. உதவாது என்று கோப்பிலேயே தங்கிவிடும். அரசு தரப்பு சார்ந்திராத ஆவணங்களின் பட்டியலையும் எதிரிக்குக் கொடுக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளும், 2022-ன் மனோஜ் வழக்குத் தீர்ப்பும் சொல்கின்றன. அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். சம்பவ இடத்துக்கு நிபுணர் வந்தார் என்று பார்வை மகஜரில் இருந்து, அறிக்கை மட்டும் காணோம் என்றால், அது எங்கே என்று விசாரணை அதிகாரியைக் கூண்டில் வைத்துக் கேளுங்கள். அறிக்கை வந்ததும், எத்தனை ரேகை எடுத்தீர்கள், எத்தனை தகுதியானவை, யார் யாருடைய விரலோடு ஒப்பிட்டீர்கள், இரண்டாவது நிபுணர் பார்த்தாரா என்று வரிசையாகப் பதில் வாங்குங்கள்.

கைரேகைக் கூடத்து இயக்குநரின் அறிக்கையை அவர் நேரில் வராமலே சாட்சியமாக ஏற்க, புதிய நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 329-ல் இடமிருக்கிறது. நீதிமன்றம் நினைத்தால் அழைத்து விசாரிக்கலாம். அழைக்கச் சொல்லி மனுப் போடுங்கள். மேல்முறையீட்டுக்காக வழக்குக் கட்டு ஒத்தக்கடைக்குப் போனால், யானைமலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் உயர் நீதிமன்றக் கிளையின் நீதிபதிகள் முன்னால் நிபுணர் நிற்கமாட்டார், பீரோ இருக்காது, பொடியில் எழுந்த ரேகை இருக்காது. தட்டச்சு செய்த சாட்சியம் மட்டும் இருக்கும். கேட்காமல் விட்டால் அதில் "எதிரியினுடையது அல்ல என்று என்னால் கூற இயலாது" என்ற ஒரே வரிதான் இருக்கும்.